கோயிலுக்கு ஒரு பேஸ் கித்தார்

சேரம்பாடி மழையை அறியாதவர்களுக்கு அதைச் சொல்லி விளக்குதல் அரிது. தென்மேற்குப் பருவக்காற்று வயநாட்டு மலைகளைத் தாண்டி நம் தேயிலைச் சரிவுகளின்மேல் இறங்கிவிட்டால், ஆனி தொடங்கி ஆவணி முடியும்வரை ஞாயிறு திருப்பலியில் இரண்டு பாடற்குழுக்கள் பாடுகின்றன என்றே கூறலாம். ஒன்று பீடத்தின் இடப்புறம் நிற்கும் எங்கள் குழு. மற்றொன்று தகரக் கூரையின்மேல் பெய்யும் மழை. இவ்விரண்டில் எது வெல்லும் என்பதைப் பங்கு மக்கள் நன்கறிவர்.

எங்கள் குழுவிடம் ஒரு சிறிய கீபோர்டும் ஓர் ஆர்மோனியமும் இருந்தன. ஆர்மோனியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கைத் தோட்டங்களினின்று தாயகம் திரும்பிய குடும்பங்களுள் ஒன்று, தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியபோது தலைச்சுமையாகக் கொண்டுவந்த பெட்டி அது. மலையின் ஈரம் அதன் துருத்தியைத் தின்றுவிட்டது. இப்பொழுது அது பாடுவதைவிட இருமுவதே மிகுதி. கீபோர்டின் ஒலியோ கோயிலின் நீண்ட ஒலிபெருக்கிப் பெட்டிகள் வழியே வருவது. அவை பேச்சுக்கென அமைந்தவை. அடிநாதத்தை அவற்றால் தர இயலாது.

அடிநாதம் இல்லையெனில் என்ன கேடு என்று வாசகர் வினவலாம். மக்கள் கூடிப் பாடும்போது சுருதி மெல்ல மெல்ல இறங்கும். வருகைப் பாடலை எடுத்த சுருதியில் முடிப்பவர் சிலரே. முதற்சரணத்தில் ஓர் இழை, இரண்டாம் சரணத்தில் மற்றோர் இழை எனக் குறைந்து, கடைசிப் பல்லவியில் பெண்களின் குரல் எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். கீழே ஒரு நாதம் உறுதியாக நின்றால் குரல்கள் அதன்மேல் தாமே நின்றுகொள்கின்றன. வீட்டுக்கு அத்திவாரம் போன்றது என்று சொல்லலாமெனினும், அத்திவாரம் அசையாது. இது பாட்டோடு கூடவே நடந்துவருவது. ஆகவே நடைப்பயணத்தில் முன்செல்லும் முதியவரைப் போன்றது என்பதே பொருத்தம்.

மூன்று ஆண்டுகளாகக் கிறிஸ்துமஸ் கேரல் பாடி லயன் வீடுகள்தோறும் பெற்ற காணிக்கையில், ஏழைகளுக்கும் குடிலுக்கும் செலவிட்டது போக, 16,000 ரூபாய் குழுவின் பெயரில் சேர்ந்திருந்தது. கொழுந்து பறித்து நாட்கூலி பெறுவோர் பத்தும் இருபதுமாக இட்ட பணம். பேஸ் கித்தார் வாங்கலாம் என்னும் எண்ணத்தைப் பங்குப்பேரவையில் நான் வைத்தபோது இரு தடைகள் எழுந்தன.

முதல் தடையை எழுப்பியவர் இலத்தீன் திருப்பலி நாட்களை நினைவில் வைத்திருக்கும் ஒரு பெரியவர். “கித்தார் கல்யாண மேடைக்கு. கோயிலுக்கு எதுக்கு, சார்?” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் 1903-ஆம் ஆண்டு திருச்சபை இசைபற்றி விடுத்த ஆணையில் பியானோவும், முரசு முதலிய ஆரவாரக் கருவிகளும் ஆலயத்துக்கு ஆகா என்றே விதித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனமோ, குழலார்கனுக்குத் தனிப்பெருமை அளித்து, பிற கருவிகளும் வழிபாட்டுக்குத் தக்கனவாயும், ஆலயத்தின் மாண்புக்கு ஒத்தனவாயும், இறைமக்களுக்கு உதவுவனவாயும் இருப்பின் உரிய அதிகாரியின் இசைவுடன் ஏற்கலாம் என்றது. ஆகவே கேள்வி கருவியைப் பற்றியதன்று. அது எப்படி ஒலிக்கிறது என்பதைப் பற்றியது. இதைப் பங்குத்தந்தை எடுத்துக் கூறவே பெரியவர் தலையசைத்தார். ஒப்புக்கொண்டார் என்று நான் சொல்லமாட்டேன்.

இரண்டாம் தடை கனமானது. “பாதிப் பிள்ளைங்க திருப்பூருக்குப் போயாச்சு. மீதிப் பிள்ளைங்க கோயம்புத்தூருக்குப் போகப் போகுது. வாங்கி வச்சா வாசிக்கிறது யாரு?” என்று ஒரு தாய் கேட்டார். பேரவை வாயடைத்தது. மலையில் வேலை சுருங்கச் சுருங்க இளைஞர் இறங்கிப்போவது நாம் அறிந்த துயரம். எனினும் வாசிக்க ஒருவன் இருந்தான். கூடலூர்க் கல்லூரியில் பயிலும் பத்தொன்பது வயதுத் தம்பி. கீபோர்டில் இடக்கை மட்டும் வாசித்துக் காட்டுபவன். பாட்டைக் கேட்டால் பல்லவியை விட்டுவிட்டு அடியில் ஓடுவதைப் பிடித்துக்கொள்பவன். அவன் தாயார் கொழுந்து பறிப்பவர். மகன் புதிய கருவி ஒன்றை மாதத் தவணையில், அதுவும் தாயின் பெயரில், வாங்கத் திட்டமிட்டிருந்தான். சிவப்பு நிறம், கண்ணைப் பறிக்கும் பளபளப்பு. விலை குழுவின் நிதியைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

தவணை வேண்டாம், பழையது தேடுவோம் என்றேன். பழையது என்றதும் அவன் முகம் சுருங்கியது. இவ்விடத்தில் அவனுக்குச் சொன்னதை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

பேஸ் கித்தாரே சிக்கனத்தாலும் வசதிக்காகவும் பிறந்த கருவி. அதற்கு முன் இசைக்குழுக்களில் ஆள் உயர டபுள் பேஸ் என்னும் பெருவயலினே அடிநாதம் தந்தது. அதை ஊர் ஊராகச் சுமப்பது பெரும்பாடு. 1930-களின் நடுவில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துப் பால் டட்மார்க் என்பவர் மின்சாரத்தால் ஒலிக்கும், தோளில் மாட்டி வாசிக்கும் பேஸ் ஒன்றைச் செய்தார், அது பரவவில்லை. 1951-இல் கலிபோர்னியாவின் லியோ பெண்டர் செய்த ‘பிரிசிஷன் பேஸ்’தான் உலகெங்கும் பரவியது. வீணையின் மெட்டுகளைப் போல் கழுத்தில் பிரெட்டுகள் பதித்திருந்தமையால் சுருதி துல்லியமாக விழும். ‘துல்லியம்’ என்றே பெயரிட்டார். நம் தமிழ்த் திரையிசையில் 1976-க்குப் பின் இளையராஜாவின் பாடல்களில் பேஸ் தனியொரு பாத்திரமாகவே பேசத் தொடங்கியதையும், அவருடைய குழுவில் சசிதரன் வாசித்ததையும், பின்னர் ஏ. ஆர். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் இசைப்பிரியர் அறிவர்.

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பேஸ் வாங்கப் போனபோது, பெண்டர் கருவியின் விலை ஏறத்தாழ 100 பவுண்டு, அவரால் இயலவில்லை. ஏறத்தாழ 30 பவுண்டுக்கு வயலின் வடிவிலான ஹோஃப்னர் ஒன்றை வாங்கினார். இயன்றதை வாங்கினார், அவ்வளவே. அக்கருவி 1972-இல் களவுபோயிற்று. அரை நூற்றாண்டுக்குப் பின் கண்டெடுக்கப்பட்டு அவரிடம் திரும்பியதாக 2024-இல் அறிவித்தார்கள். தம்பி இதைக் கேட்டபின் பழையது என்ற சொல்லுக்கு முகம் சுளிக்கவில்லை.

முதலில் பெருநகர்க் கடை ஒன்றுக்குச் சென்றோம். அங்கே இரண்டாங்கை என்று காட்டிய கருவி மேலுக்கு மெருகு மாறாதது. கழுத்தின் ஓரத்தைத் தலைப்பக்கத்திலிருந்து கண்ணை ஒடுக்கிப் பார்த்தால் வில்லைப்போல் வளைந்திருந்தது. “கம்பி மாத்தினா சரியாகிடும்” என்றார் விற்பவர். கம்பி மாற்றினால் கழுத்து நிமிராது. திரும்பிவிட்டோம்.

பின்பு தாளூர் எல்லையைத் தாண்டிச் சுல்தான் பத்தேரியில், கானமேளாக் குழு ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் வாசித்து, முதுகுவலியால் மேடையை விட்ட ஒருவரைப் பற்றிக் கேள்வியுற்றோம். வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துக் கட்டன்சாயா கொடுத்தார். “மாஷே, நல்லா நோக்கிட்டு வாங்கினா மதி” என்று தமிழும் மலையாளமும் கலந்து சொல்லிக் கருவியைத் தம்பியின் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். விற்பவர் அருகிலிருந்து புகழாதது எனக்கு மிகவும் பிடித்தது.

இபானெஸ் என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் பெயரில் இந்தோனேசியாவில் செய்யப்பட்ட நாற்கம்பிக் கருவி அது. உடலில் கீறல்கள், பெல்ட்டின் கொக்கி உராய்ந்த தழும்பு, ஒரு மூலையில் வண்ணம் பெயர்ந்த இடம். இவை எதுவும் ஒலியைத் தொடா. பார்க்க வேண்டியன வேறு. தடித்த கம்பியை முதற்பிரெட்டில் ஒரு விரலாலும் கடைசிப் பிரெட்டில் மறுகை விரலாலும் அழுத்திப் பிடித்து, இடையில் ஏழாம் எட்டாம் பிரெட்டுக்கருகே கம்பிக்கும் பிரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தோம். ஓர் அறிமுக அட்டை நுழையும் அளவே இருந்தது; அதுவே வேண்டுவது. அதனினும் மிக அகன்றிருந்தால் கழுத்து முன்வளைந்தது. இடைவெளியே இல்லையெனில் பின்வளைந்தது. கழுத்துக்குள் ட்ரஸ் ராடு என்னும் எஃகுத் தண்டு உண்டு. அதன் முனையை அறுகோணச் சாவியால் கால் திருப்பு திருப்பினால் இவ்வளைவைச் சீர்செய்யலாம். அது துருப்பிடித்து இறுகியிருந்தால், கருவியை இலவசமாகத் தந்தாலும் நம் மழைநாட்டுக்கு உதவாது. ஆகவே அவர் அனுமதியுடன் அதையும் அசைத்துப் பார்த்தோம்; திரும்பிற்று.

பிரெட்டுகளில் கம்பி அறுத்த பள்ளம் சிறிதே இருந்தது. ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு பிரெட்டிலும் மெல்ல மீட்டிக் ‘கிர்’ என்று இரைகிறதா எனக் கேட்டோம். இதற்கு அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணி நேரத்தை மிச்சம் பிடிப்பவரே பிறகு வருந்துவார். பன்னிரண்டாம் பிரெட்டில் அழுத்தி மீட்டிய ஸ்வரமும், அதே இடத்தில் கம்பியைத் தொட்டும் தொடாமலும் மீட்டினால் எழும் மணியோசையும் ஒன்றாயிருக்க வேண்டும், ஏறக்குறைய ஒன்றாயிருந்தன. ஆம்பிளிபயரில் பொருத்தித் திருகுகளைத் திருப்பியபோது ஒன்று கரகரத்தது. தூசிதான், துடைத்தால் போகும் என்று பார்த்தோம், போயிற்று.

9,500 கேட்டார். 8,000-க்கு இசைந்தார். கோயிலுக்கு என்று தெரிந்தபின், பேஸுக்கென்றே அமைந்த தம் பழைய ஆம்பிளிபயரையும் 3,500 ரூபாய்க்குக் கொடுத்தார். இதைப் பிற பங்குக் குழுக்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். பேஸ் கித்தாரைக் கோயிலின் பேச்சு ஒலிபெருக்கியில் நேரே பொருத்தலாகாது. தடித்த கம்பி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. அந்த அதிர்வைத் தரச் சிறிய கூம்பால் ஆகாது. ஒலியை ஏற்ற ஏற்றக் கூம்பு கிழியும். பின்பு மறையுரையும் கேட்காது.

இனிக் கம்பிகளுக்கு வருவோம். கருவி வாங்குவோர் பலர் கம்பியைப் பற்றி நினைப்பதே இல்லை. என் கருத்தில், விலை குறைந்த கருவிக்கும் விலை மிகுந்த கருவிக்கும் உள்ள வேறுபாட்டில் பாதியைத் தக்க கம்பி நிரப்பிவிடும்.

வந்த கருவியில் இருந்தவை கறுத்த, மந்தமான கம்பிகள். தம்பி எங்கோ கேள்விப்பட்டு, அவற்றைக் கழற்றித் தாயாரின் சோற்றுப் பானையில் பத்து நிமிடம் கொதிக்கவைத்துவிட்டான். “வீட்டுல கஞ்சி வைக்கிற பானைடா!” என்ற குரல் அடுத்த லயனுக்கும் கேட்டதாம். வேடிக்கை யாதெனில், உபாயம் பலித்தது. சுருள்களுக்கிடையே ஆண்டுக்கணக்கில் படிந்திருந்த வியர்வையும் அழுக்கும் நீங்கிக் கம்பிகள் கணீரென்று ஒலித்தன. பத்து நாட்கள். பிறகு மீண்டும் மந்தம். சில இடங்களில் துருப்பொடியும் தலைகாட்டிற்று.

பேஸ் கம்பியின் உள்ளே ஓர் எஃகுக் கம்பி. அதைச் சுற்றி வேறொரு கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். சுற்றும் கம்பி உருண்டையாயிருந்தால் ‘ரவுண்டுவூண்டு’. தொட்டால் திருகாணியின் மரைபோல் நெருடும். ஓசை கூர்மையாகப் பியானோவை ஒக்கும். பட்டையான நாடாவைச் சுற்றியிருந்தால் ‘பிளாட்வூண்டு’. தொட்டால் வழுவழுப்பு, ஓசை உருண்டு திரண்டு, சற்றே அடங்கி, டபுள் பேஸை நினைவூட்டும். தொடக்கத்தில் பேஸ் கித்தாருக்குப் பட்டைக்கம்பிகளே வழக்கம். 1960-களில் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்டு நிறுவனம் உருண்டைக் கம்பிகளைப் பரப்பியபின் ராக் இசை அவற்றைப் பற்றிக்கொண்டது. ஆனால் டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் பாடல்களுக்கு அடிநாதம் தந்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1983-இல் இறந்தவர், பட்டைக்கம்பியையே கையாண்டார். அதையும் எளிதில் மாற்றமாட்டார் என்பது அவரைப்பற்றி எல்லாரும் சொல்லும் செய்தி.

தம்பிக்கு உருண்டைக் கம்பியே விருப்பம். “பிளாட்டு போட்டா சத்தம் வெளியே வராது, சார். நாம வாசிக்கிறது யாருக்கும் தெரியாது” என்றான். அவன் சொன்னது உண்மை. உருண்டைக் கம்பியின் கூர்மை ஒவ்வொரு விரலசைவையும் காட்டும், திறமை வெளிப்படும். ஆனால் விரல் நகரும்போது எழும் ‘சர்ர்’ என்ற உராய்வும் வெளிப்படும். நன்றிப்பாடலின் அமைதியில் அது காதைக் கீறும். அன்றியும் அதன் மரையிடுக்குகள் மலையின் ஈரத்தையும் கைவியர்வையையும் உறிஞ்சிக்கொள்ளும்; எங்கள் ஊரில் மூன்று நான்கு மாதத்தில் உயிர்விடும். பட்டைக்கம்பி விலை மிகுதி. நான்கு கம்பித் தொகுதிக்கு 3,400 ரூபாய் கேட்டார்கள். உருண்டையோ ஏறத்தாழ அதில் பாதி. எனினும் பட்டைக்கம்பியில் அழுக்கு தங்க இடமில்லை. துடைத்துப் பேணினால் ஆண்டுகள் நிற்கும். பிரெட்டையும் அரிக்காது. கேரல் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் விலை மிகுந்ததே மலிவாயிற்று.

பருமன் மற்றொரு செய்தி. கம்பியின் பருமனை அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கால் சொல்வர். மெல்லிய கம்பி 45, தடித்தது 100 அல்லது 105 என்பது பொது வழக்கு. நான்கும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை ஏறத்தாழ 75 கிலோ. ஒரு மனிதன் நாள் முழுவதும் அதில் தொங்குவதாக எண்ணிக்கொள்ளலாம். பட்டைக்கம்பிகளுள் பல மேலும் விறைப்பானவை. பழைய கழுத்தை அதிகம் சோதிக்க வேண்டாமென்று 100-இல் முடியும் தொகுதியைத் தெரிந்தோம். நீளமும் ஒத்திருக்க வேண்டும். சாதாரணக் கருவியில் கம்பி அதிரும் நீளம் 34 அங்குலம். சிறிய கருவிகளில் 30. ஒன்றுக்குரியது மற்றொன்றுக்கு ஆகாது.

மாற்றும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாகவே மாட்டினோம். கழுத்தின் இழுவை ஒரேயடியாகத் தளராமல் இருக்கும். மிகுந்த நீளத்தை வெட்டுமுன் வெட்டும் இடத்துக்கு இப்பால் கம்பியை மடக்கிக்கொள்ள வேண்டும். மடக்காமல் வெட்டினால் சுற்றுச்சுருள் உள்ளே நழுவிக் கம்பி அன்றே செத்துவிடும். 3,400 ரூபாய்க் கம்பியில் கத்தரிக்கோலை வைக்கும்போது தம்பியின் கை நடுங்கியதைப் பார்த்தேன். இணைப்புக் கம்பி 400 ரூபாய். மீதம் 700 ரூபாயைப் பேரவைக் கணக்கில் திருப்பிக் கட்டினோம்.

முதல் ஞாயிறு நல்ல மழை. தம்பிக்கு நான் விதித்தது ஒன்றே: ஒவ்வொரு பாடலிலும் ஆதாரச் சுரத்தை மட்டும் தாளத்தின் முதலடியில் வாசி, விரல் துடித்தாலும் வேறொன்றும் வேண்டாம். அவனுக்கு அது உண்ணாநோன்பு. தகரத்தின் இரைச்சல் குரலை மூடிற்றே தவிர, பலகைகளின் வழியே காலில் ஏறிய அந்நாதத்தை மூட இயலவில்லை. பலிமுடிந்து, இலத்தீன் நாட்களை அறிந்த பெரியவர் வெளியே குடை விரித்தபடி, “கித்தார் சத்தமே கேக்கலியே, சார்” என்றார். சற்று நின்று, “ஆனா பாட்டு இறங்கலை” என்றும் சொன்னார்.

அடைமழை மாதங்களில் கருவியைச் சுவரில் சாய்த்து வைப்பதில்லை. உறைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலங்கள் நான்கு. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைக்கிறோம். ஐப்பசியில் வெயில் வந்ததும் கழுத்து சற்றே அசைந்திருந்தது. ட்ரஸ் ராடைக் கால் திருப்பு திருப்பச் சரியாயிற்று. கொதித்த பழைய கம்பிகளைத் தம்பி எண்ணெய் தடவிப் பிஸ்கட்டுத் தகரத்தில் வைத்திருக்கிறான். இளைஞர் விழாவுக்கு மட்டும் அவற்றை மாட்டிக்கொள்ள இசைந்திருக்கிறேன்.

பேரவையில் அத்தாய் கேட்ட கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. தம்பியின் படிப்பு வரும் ஆண்டு முடிகிறது. கோயம்புத்தூரில் வேலைக்கு எழுதிப்போட்டிருக்கிறான். ஆகவே சனி மாலைகளில் ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு வாசிக்கக் கற்றுத்தருகிறான். அவள் அக்கேள்வியைக் கேட்ட தாயின் மகளே. காது கூர்மை, தாளம் தவறுவதில்லை. கைதான் சிறியது. முதற்பிரெட்டுக்கு அவள் சுண்டுவிரல் எட்டாமையால் ஐந்தாம் பிரெட்டுக்கு மேலேயே எல்லாப் பாடல்களையும் வாசிக்கும் வழியை இருவரும் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவளுக்கு 30 அங்குலக் கருவியே ஏற்றது. பத்தேரிக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். கிடைத்தால் இப்பட்டைக்கம்பிகள் அதற்குப் பொருந்தா. புதிதாக வாங்க வேண்டும். வரும் கிறிஸ்துமஸ் கேரலுக்கு இவ்வாண்டு இரண்டு லயன்கள் கூடுதலாகப் போவதென்று குழு முடிவு செய்திருக்கிறது.